முன்சீப் மன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை
நீதியரசர் ஏ. வரதராசனார் வாழ்வும் பணியும்

நீதிமன்றம் என்ற சொல் நம் முன்னோர் செவியில் அச்சத்தோடு விழுந்த சொல்லாகும். அம்மன்றத்தின் படிகளில் அவர்கள் ஏறியது பெரும்பாலும் குற்றஞ்சாட்டப்பட்டவராக. அன்றேல் பண்ணையார் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கும் சாட்சியாக. அன்றேல் எழுதப்படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்துவிட்ட கடன் பத்திரத்துக்கு விடை சொல்ல வேண்டிய பிரதிவாதியாக. அந்த மன்றத்தின் மேடையில், நடுவர் இருக்கையில், நம்மவர் ஒருவர் அமர்வார் என்று அவர்கள் கனவிலும் கருதியதில்லை. அப்படி ஒருவர் அமர்ந்தார். ஒரு சிற்றூர் முன்சீப் மன்றத்தில் அமர்ந்தவர், படிப்படியாக உயர்ந்து, இந்திய நாட்டின் உச்ச நீதிமன்றத்திலும் அமர்ந்தார். தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்து அவ்விடத்தை அடைந்த முதல்வர் அவரே. நீதியரசர் ஏ. வரதராசனார் என்னும் அப்பெருந்தகையின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் கடமை எனக் கருதியே, வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் இம்மலரில் அதனை எழுதத் துணிந்தோம்.

பிறந்த காலம்

வரதராசனார் 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தில், திருப்பத்தூருக்கு அருகிலுள்ள சோலையார்பேட்டையில் பிறந்தார். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை பெங்களூருக்கும் சேலத்துக்கும் பிரியும் பெரிய சந்திப்பு அவ்வூர். வடஆர்க்காடு மாவட்டம் பின்னாளில் பலவாகப் பிரிக்கப்பட்டு, 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று.

அவர் பிறந்த காலத்தின் நிலையை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் நலனைக் கவனிப்பதற்கென்று அரசு அதிகாரி ஒருவர் அமர்த்தப்பட்டு, அவர்கள் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் திறக்கும் வேலை அப்பொழுதுதான் தொடங்கியிருந்தது. பொதுச் சாலையிலும், பொதுக் கிணற்றிலும், பொதுக் கட்டடத்திலும் எவரையும் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என்று இரட்டைமலை சீனிவாசனார் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924-இல். அப்பொழுது வரதராசனாருக்கு நான்கு வயது. தீர்மானம் நிறைவேறியதென்பதனாலேயே தெருக்கள் திறந்துவிடவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நம்மவர் நுழைந்தது 1939 சூலை 8-ஆம் நாள். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனார் அந்நாளில் உடன் சென்றவர் என்பதை நம் வட்டாரத்தார் நன்கறிவர். கோயில் வாசல் திறப்பதற்கே அத்தனை காலம் ஆயிற்றென்றால், கல்லூரி வாசலும் நீதிமன்ற வாசலும் எத்தனை தொலைவில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்வி

திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் படித்த வரதராசனார், வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னை இலயோலாக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். அடுத்துச் சென்னைச் சட்டக் கல்லூரியில் சேர்ந்து சட்டமும் முடித்தார். நகராட்சிப் பள்ளி, கிறித்தவத் திருச்சபையினர் நடத்திய இரு கல்லூரிகள், அரசின் சட்டக் கல்லூரி ஆகிய நான்கு படிகளையும் உற்று நோக்குக. பொதுப் பணத்தால் நடந்த பள்ளியும், சமய நிறுவனங்கள் திறந்து வைத்த கல்லூரிகளும் இல்லையேல், அக்காலத்தில் நம் பிள்ளைகளுக்குப் படிப்பு எட்டாக் கனியாகவே இருந்திருக்கும். கல்விச் சங்கம் ஒன்று எதற்கு என்று வினவுவோர்க்கு இதுவே விடையாகும்.

சட்டக் கல்வியை அவர் தேர்ந்தெடுத்தது சிறப்பாகக் குறிப்பிடத் தக்கது. அக்காலத்தில் படித்த நம்மவர் பெரும்பாலும் ஆசிரியப் பணியையோ எழுத்தர் பணியையோ நாடினர்; திங்கள்தோறும் ஊதியம் வரும் என்ற உறுதி அவற்றில் உண்டு. வழக்குரைஞர் தொழிலில் அந்த உறுதி இல்லை. கட்சிக்காரர் தேடிவர வேண்டும். நிலமுடையவரும் வணிகரும் நம்பிக் கட்டை ஒப்படைக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கரே பம்பாயில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கியபோது, சாதியின் காரணமாகக் கட்சிக்காரர் கிடைக்காமல் இடர்ப்பட்டார் என்பது யாவரும் அறிந்த செய்தி.

திருப்பத்தூர் வழக்குரைஞர்

1944-ஆம் ஆண்டில் வரதராசனார் திருப்பத்தூரில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் முடியாத காலம். அரிசிக்கும் துணிக்கும் பங்கீடு நடந்த காலம். சென்னையில் உயர் நீதிமன்றத்தின் நிழலில் தங்கிவிடாமல், தாம் வளர்ந்த வட்டாரத்திலேயே அவர் தொழிலை நடத்தினார். 1949 மார்ச்சு வரை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அத்தொழில் நடந்தது.

சிறு நகர நீதிமன்றத்தின் வழக்குகள் எத்தகையவை? வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர், பாகப் பிரிவினை, பிராமிசரி நோட்டு, ஒத்தி, குத்தகை பாக்கி, வீட்டுச் சுவர், நடைபாதை உரிமை. நாளிதழ்களில் இடம்பெறா வழக்குகளே இவை. எனினும் ஏழை ஒருவனின் வாழ்வும் தாழ்வும் இவற்றில்தான் அடங்கியிருக்கிறது. அரை ஏக்கர் நிலம் கைமாறினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். கடன் பத்திரத்தில் ஓர் இலக்கம் கூடினால் ஒரு தலைமுறை பண்ணையில் உழைக்கும். கிராம மக்கள் எப்படிப் பேசுவர், எங்கே மறைப்பர், எதற்கு அஞ்சுவர் என்பதைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் இத்தகைய நீதிமன்றமேயன்றிப் பிறிதொன்றில்லை. பின்னாளில் முப்பத்தாறு ஆண்டுகள் நீதி வழங்கிய அவர்க்கு, இந்த ஐந்தாண்டு அடித்தளமாயிற்று எனல் மிகையாகாது.

மாவட்ட முன்சீப்

1949 மார்ச்சுத் திங்கள் இறுதியில் வரதராசனார் மாவட்ட முன்சீபாக அமர்த்தப்பட்டார். அவ்வாண்டின் சிறப்பை ஈண்டு சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

இந்திய அரசியலமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்ததாக அறிவித்து ஏற்கப்பட்டது அதே 1949-இன் நவம்பர் 26-ஆம் நாள். அடுத்த திங்களில், மாவட்ட முன்சீப் பதவிகள் 83-ஐ நிரப்பச் சென்னை அரசுப் பணி ஆணையம் விண்ணப்பங்களைக் கோரியது. அந்நாளைய வகுப்புவாரி ஆணையின்படி அவற்றுள் 19 இடங்கள் அரிசனங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. ஏனைய இடங்கள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்க்கு 11, பின்தங்கிய இந்துக்களுக்கு 10, கிறித்தவர்க்கு 6, முசுலிம்களுக்கு 5 எனப் பிரிக்கப்பட்டிருந்தன. இதனை எதிர்த்து ஒருவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1951 ஏப்ரல் 9-இல் வந்த தீர்ப்பு, வகுப்புவாரிப் பங்கீட்டைச் செல்லாதென்றது. ஆயினும் அரிசனங்களுக்கும் பின்தங்கிய வகுப்பினர்க்கும் ஒதுக்கிய இடங்கள் அரசியலமைப்புக்கு உடன்பட்டவையே என்றது.

ஆகவே, முன்சீப் பதவியில் நம்மவர் அமரலாமா என்பதே நாட்டின் மிகவுயர்ந்த நீதிமன்றத்தில் வழக்காக நின்ற காலத்தில், முன்சீப் இருக்கையில் அமர்ந்து நாள்தோறும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தவர் நம் வரதராசனார். இது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஊரில் ஒருவன் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்துகொண்டிருந்த நாட்டில், நிலக்கிழாரும் வணிகரும் அவர்தம் வழக்குரைஞரும், அவர் உள்ளே வரும்போது எழுந்து நின்று, அவர் தீர்ப்புக்குக் காத்திருந்தனர். சட்டத்தின் இருக்கை ஒருவனுக்குத் தரும் மதிப்பை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

இருபத்து நான்கு ஆண்டு உழைப்பு

கீழ்நிலை நீதிபதியின் வாழ்வு பகட்டில்லாதது. சில ஆண்டுகளுக்கொருமுறை ஊர் மாற்றம். புதிய ஊரில் எவரோடும் நெருங்கிப் பழகலாகாது என்ற கட்டுப்பாடு. பகலில் சாட்சி விசாரணை, இரவில் தீர்ப்பு எழுதுதல். ஒவ்வொரு தீர்ப்பும் மேல் நீதிமன்றத்தின் பார்வைக்குச் செல்லும். அங்கே அது நிற்கிறதா, சரிகிறதா என்பதைக் கொண்டே ஒருவர் தகுதி அளக்கப்படும். மாவட்ட முன்சீபாகத் தொடங்கிய வரதராசனார், சார்பு நீதிபதியாகப் பணியாற்றி, 1968-இல் மாவட்ட, அமர்வு நீதிபதியாக உயர்ந்தார். அமர்வு நீதிபதியென்பவர் கொலை வழக்குகளை விசாரித்துத் தூக்குத் தண்டனை வரை விதிக்கும் அதிகாரமுடையவர். முதற்படியிலிருந்து இப்படிக்கு ஏறப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

1973 பிப்ரவரி 15-ஆம் நாள் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் கூடுதல் நீதிபதியாக அமர்த்தப்பட்டார்; 1974 பிப்ரவரி 27-இல் நிலையான நீதிபதியானார். சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தோன்றியது. அதன் 111 ஆண்டு வரலாற்றில் தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்து நீதிபதியாக வந்தவர் அவர்க்கு முன் எவருமிலர்.

அப்பொழுது தமிழ்நாட்டில் கலைஞர் மு. கருணாநிதியின் அமைச்சரவை இருந்தது. உயர் நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் அமர்த்தும்போது மாநில அரசின் கருத்துக்கு அந்நாளில் பெரிதும் இடமிருந்தது. அவ்வரசு அவரை ஆதரித்தமை நன்றியோடு நினைக்கத் தக்கதே. ஆயினும் 2020-ஆம் ஆண்டில் அரசியல் கூட்டமொன்றில், அப்பதவி நமக்கு இடப்பட்ட பிச்சை என்னும் பொருள்படப் பேசப்பட்டு, நாடெங்கும் கண்டனம் எழுந்தது. இளைஞர்கள் இவ்விடத்தில் தெளிவோடிருத்தல் வேண்டும். இருபத்து நான்கு ஆண்டுகள் முன்சீபாகவும் சார்பு நீதிபதியாகவும் மாவட்ட நீதிபதியாகவும் தேறிய ஒருவர்க்கு அடுத்த படி கிடைப்பது பிச்சையாகாது, உழைப்பின் ஊதியமாகும். அதனை 111 ஆண்டுகள் எவர்க்கும் தராதிருந்ததே முறைகேடு. முறைகேட்டை நீக்கியவர்க்கு நன்றி சொல்வோம். அந்நன்றிக்காகத் தலை குனிய வேண்டியதில்லை.

உச்ச நீதிமன்றத்தில்

1980 திசம்பர் 10-ஆம் நாள் நீதியரசர் வரதராசனார் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பொறுப்பேற்றார். ஒய்.வி. சந்திரசூட் அப்பொழுது தலைமை நீதிபதி. உச்ச நீதிமன்றம் 1950 சனவரியில் தொடங்கி முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரே, நாட்டு மக்களுள் ஏழில் ஒரு பங்கினராகிய தாழ்த்தப்பட்டோர்க்கு அங்கே முதலிடம் கிட்டியது. உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் இட ஒதுக்கீடு இல்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. மேலும், உச்ச நீதிமன்றம் சென்றவருள் முன்சீபாகத் தொடங்கியவர் மிகச் சிலரே. பெரும்பாலோர் பெருநகர வழக்குரைஞராயிருந்து நேரே உயர் நீதிமன்றம் புகுந்தவர்கள்.

அங்கே அவர் இருந்த காலம் நாலாண்டு எட்டுத் திங்கள். அக்காலத்தில் அவர் இடம்பெற்ற ஆயங்கள் வழங்கிய தீர்ப்புகள் சிலவற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

1981 ஆகஸ்டில் வந்தது விமானப் பணிப்பெண்கள் வழக்கு. முதற் கருவுற்றதும் வேலையை விட்டு நீக்கலாம் என்றிருந்த ஏர் இந்தியா நிறுவன விதியை, நீதியரசர்கள் பசல் அலி, வரதராசன், ஏ.என். சென் ஆகிய மூவர் ஆயம் செல்லாதென்றது. பணியில் சேர்ந்து நான்காண்டுகளுக்குள் மணம் செய்யலாகாது என்ற விதியை மட்டும் நிற்க விட்டது. கருவுறுதலைக் குற்றம்போல் கருதிய விதி அன்றே வீழ்ந்தது.

1983 ஏப்ரல் 7-இல் வந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பு. ஆயுள் தண்டனைக் கைதி கொலை செய்தால் தூக்கு ஒன்றே தண்டனை. நீதிபதிக்கு வேறு வழியில்லை என்றது அப்பிரிவு. ஐவர் கொண்ட ஆயம் அதனை அரசியலமைப்புக்கு மாறானதென நீக்கியது. அவ்வைவருள் வரதராசனாரும் ஒருவர். குற்றவாளியின் நிலையையும் சூழலையும் ஆராயாமல் எந்திரம்போல் உயிரைப் பறித்தல் நீதியாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1984 சூலை 17-இல் வந்த சாரதா வழக்கின் தீர்ப்பு, இன்றளவும் நாட்டின் எல்லாக் குற்றவியல் நீதிமன்றங்களிலும் எடுத்தாளப்படுவது. பூனாவில் மணமாகிச் சில திங்களே ஆன இளம்பெண் நஞ்சினால் இறந்தார். கணவனுக்கு அமர்வு நீதிமன்றம் தூக்கு விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. நேரிற் கண்ட சாட்சி இல்லை. சூழ்நிலைச் சான்றுகளே இருந்தன. சான்றுகள் ஒவ்வொன்றும் ஐயமற நிறுவப்பட வேண்டும். அவை சங்கிலிபோல் அறாது தொடர வேண்டும். குற்றவாளி இவரே என்பதைத் தவிர வேறு முடிவுக்கு அவை இடந்தரலாகாது என்பன முதலாய ஐந்து நெறிகளை இத்தீர்ப்பு வகுத்தது. அவற்றை வகுத்துரைத்தவர் பசல் அலி. வரதராசனார் சான்றுகளை ஆராய்ந்து தனியே தீர்ப்பெழுதினார். முடிவில் அம்மனிதர் விடுதலையானார். ஐயத்தின் பேரில் பிடித்துச் செல்லப்படும் ஏழைகள் நம் மக்களுள் எத்தனை பேர் என்பதை எண்ணுவோர், இந்நெறிகளின் அருமையை உணர்வர்.

இறுதியாக, 1985 சூலை 10-இல் வந்த பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு. 1981 சூலையில் அந்நகர நடைபாதைக் குடிசைகள் இடிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் சொந்த ஊர்களுக்குப் பேருந்துகளில் ஏற்றப்பட்டனர். வழக்காடியோருள் ஒருவர் நம் சேலத்துக்காரர், நிலமற்ற கூலி, பஞ்சத்தால் வேலையிழந்து 1961-இல் பம்பாய் சென்றவர், நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி பெற்றவர். மற்றொருவர் அகமதுநகர் மாவட்டத்துச் செருப்புத் தைக்கும் தொழிலாளி. ஐவர் கொண்ட ஆயத்துக்காகத் தலைமை நீதிபதி சந்திரசூட் தீர்ப்பெழுத, வரதராசனார் உள்ளிட்ட நால்வரும் உடன்பட்டனர். பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்ததாகும்; ஆதலின் வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பு நிலைநாட்டிய கோட்பாடு.

ஆனால் ஒன்றை மறைத்தல் கூடாது. நடைபாதையில் குடியிருக்க உரிமையில்லை எனவும், மழைக்காலம் கழிந்து 1985 அக்டோபர் 31-க்குப் பின் குடிசைகளை அகற்றலாம் எனவும் அதே தீர்ப்பு சொன்னது. கோட்பாட்டில் வென்ற ஏழை குடிசையில் தோற்றான். நீதிமன்றத்தால் எதுவரை இயலும், எங்கே மக்கள் தாமே ஒன்றுபட்டுப் போராட வேண்டும் என்பதற்கு இவ்வழக்கே பாடம்.

அத்தீர்ப்பு வந்த அடுத்த திங்கள், 65 அகவை நிறைந்து வரதராசனார் ஓய்வு பெற்றார். 2009 அக்டோபர் 15-ஆம் நாள், தம் 89-ஆம் அகவையில் இயற்கை எய்தினார்.

அவர் பின்னே வந்தோர்

அவர் திறந்த வாயில் வழியே 1985 இறுதியில் பி.சி. ராயும், 1989-இல் கே. இராமசாமியும், 2000-இல் கே.ஜி. பாலகிருட்டிணனும் உச்ச நீதிமன்றம் புகுந்தனர். பாலகிருட்டிணனார் 2007 சனவரியில் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். அவர் 2010-இல் ஓய்வுபெற்ற பின், 2019-இல் பி.ஆர். கவாய் வரும் வரை ஒன்பதாண்டுகள் நம்மவர் எவரும் அங்கில்லை. கவாய் 2025 மே முதல் நவம்பர் வரை தலைமை நீதிபதியாக விளங்கினார். வாயில் ஒருமுறை திறந்தால் திறந்தே இருக்கும் என்று எண்ணுதல் பேதைமை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் தள்ளித் திறந்தாக வேண்டும்.

நம் இளைஞர்க்கு

சங்கத்தின் இந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள்ளேதான் நம் ஒத்தக்கடைக்கு அருகே, உலகனேரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 சூலை 24-இல் தொடங்கப் பெற்றது. யானைமலையைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் பேருந்தில் போகும்போதெல்லாம் அக்கட்டடத்தையும் பார்க்கின்றனர். இதே மேலூர் வட்டாரத்தில்தான் 1997 சூன் 30-ஆம் நாள், மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களுமாக ஆறு பேர், மதுரை சென்று ஊர் திரும்பும் வழியில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். சட்டப்படி தேர்தலில் நின்று வென்றதொன்றே அவர் செய்த குற்றம். சட்டம் நம்மைக் காக்க வேண்டுமாயின், சட்டத்தைப் படித்தவர் நம்முள் பெருக வேண்டும்.

2025 மே 20-இல், கவாய் தலைமையிலான ஆயம், முதல்நிலை நீதிபதிப் பதவிக்கு வர விரும்புவோர் மூன்றாண்டுகளேனும் வழக்குரைஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மன்ற அனுபவம் வேண்டுமென்பது நியாயமே. வரதராசனாரும் ஐந்தாண்டு திருப்பத்தூரில் தொழில் பழகியே முன்சீபானார். ஆனால் மூன்றாண்டு என்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பயிற்சிக் காலம். கூலி வீட்டுப் பிள்ளைக்குப் பட்டினிக் காலம். இளநிலை வழக்குரைஞர்க்குக் கிடைப்பது பேருந்துக் கட்டணத்துக்கும் போதாது. கறுப்பு அங்கி, புத்தகம், தங்குமிடம் ஆகியவற்றுக்கு வழியின்றிப் பாதியில் திரும்பிவிடும் பிள்ளைகள் பலர்.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் உதவித்தொகை வழங்குவதோடு கல்விச் சங்கத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. சட்டம் படித்து வெளிவரும் நம் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அந்த மூன்றாண்டுக் காலத்தில் உணவும் உறைவிடமும் நூலும் கிடைக்க உறுப்பினர்கள் வழி செய்தல் வேண்டும். வெள்ளி விழாவின் நினைவாக ஒரு நிதி தொடங்க வேண்டுமெனில், அதற்கு இதனினும் பொருத்தமான நோக்கம் இல்லை. அந்நிதிக்கு நீதியரசர் வரதராசனாரின் பெயரைச் சூட்டுவதும் பொருத்தமே.

இளைஞர்களே! திருப்பத்தூருக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் இடையே அவர் கடந்த தொலைவு முப்பத்தாறு ஆண்டு. அத்தொலைவைத் தாண்டுவதற்கு அவர் கையில் இருந்தவை படிப்பும் பொறுமையுமே. அவர் தனித்து நடந்தார். உங்களுக்குச் சங்கம் துணை நிற்கும். நடக்கத் தொடங்குங்கள்.